அருணகிரி வண்டியின் இடது பின் சக்கரம்

பெயர்: கமலவேணி. வயது: 44. கணவர் பெயர்: ராமமூர்த்தி. இருப்பிடம்: மேட்டுத் தெரு, ஆம்பூர், வட ஆற்காடு மாவட்டம். தொழில்: வேலூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியை. 1982 பிப்ரவரி 10ஆம் தேதி, புதன்கிழமை, உதவி ஆய்வாளர் திரு. வேலாயுதம் விசாரிக்க, நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதிக்கொண்டது.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரசாயனப் பிரிவில் வேலை செய்கிறார். இந்த விஷயத்தில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பார் என்பதால் அவரிடம் நான் சொல்லவில்லை. என் மேல் இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. இன்று காலை திரு. அரங்கநாதன் கொடுத்த புகாரில், அவருடைய ஷூ கம்பெனி வளாகத்துக்குள் நான் நுழைந்து, அவர் அண்ணன் மகன் அருணகிரியின் காரிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி எடுத்துப் போனதாக எழுதியிருப்பது உண்மை. அதைத் திருட்டு என்று எழுதியிருப்பது உண்மையல்ல.

எங்கள் ஊரிலும் வேலூரிலும் கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஆறு வருஷங்களுக்கு முன் பாலாறு மோட்டார் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் தோல் ஏற்றுமதி செய்பவர்களும் ஷூ கம்பெனி வைத்திருப்பவர்களும். திரு. அரங்கநாதன் அதன் தலைவர். வருஷத்துக்கு ஒரு முறை ஆற்றங்கரை மைதானத்தில் ரோலர் போட்டு மண் தடம் அமைத்துப் பந்தயம் நடத்துவார்கள். பரிசு ஒரு கோப்பை மட்டும். 1100 சி.சி. வரையுள்ள வீட்டு உபயோகக் கார்களுக்கென்று அதில் ஒரு வகுப்பு உண்டு. மூன்று வருஷமாக நான் என் ஃபியட் காரில் அந்த வகுப்பில் கலந்துகொண்டு வருகிறேன். ஏன் ஓட்டுகிறீர்கள் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். வேகமாக ஓட்டப் பிடிக்கும் என்பதால் ஓட்டுகிறேன். வேறு காரணம் இருக்கிறதா என்று நானும் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை.

முதல் வருஷம் நான் பதினொன்றாவதாக வந்தேன். போன வருஷம் ஒன்பதாவது. வளைவுகளில் மண் வாரி வண்டி வழுக்கிக்கொண்டு போனதுதான் காரணம் என்று எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு சங்கத்தின் விதிகளை எடுத்துப் படித்தேன். சக்கரத்தின் ரிம் அகலம் நாலரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது என்று அதில் இருக்கிறது. என் காரோடு வந்த ரிம்கள் நாலு அங்குலம். ஆகவே விதி எனக்கு இன்னும் அரை அங்குலம் இடம் கொடுக்கிறது என்று புரிந்துகொண்டு, நான்கு ரிம்களையும் நயீம் அகமது என்பவரின் லேத் பட்டறையில் கொடுத்து, நடுவில் அறுத்து, அரை அங்குலப் பட்டை வைத்துப் பற்றவைத்து வாங்கினேன். இதை நான் மறைக்கவில்லை. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே ரிம் நாலரை என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாவதாக வருகிறவளின் சக்கரம் எத்தனை அங்குலம் இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தேன். அருணகிரி இரண்டாவது. எங்களுக்கு நடுவில் ஒரு வளைவு தூரம் இருந்தது. அதன் பிறகு நான் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் திரு. அரங்கநாதன் என் வண்டியைச் சுற்றி வந்து, இந்தச் சக்கரம் தடியாகத் தெரிகிறது, அளக்க வேண்டும் என்றார். அளக்க மக்பூல் அகமது பாயை அழைத்தார்கள்.

மக்பூல் பாயைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் இந்த ஊரில் தோல் தரம் பிரிப்பவர். தோல் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தகராறு வந்தால் அவர் அளந்து சொன்னதை இரண்டு பேரும் ஒப்புக்கொள்வார்கள். அதனால்தான் சங்கத்திலும் வண்டிகளை அளக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள். அவர் இரும்பு ஸ்கேலை எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயர் மாட்டியிருந்தபடியே என் ரிம்மின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்து ஐந்தரை என்றார். மறுபடி அளந்தும் ஐந்தரைதான் வந்தது. ஒரு அங்குலம் கூடுதல் என்று திரு. அரங்கநாதன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

தோலை அப்படித்தான் அளப்பார்கள். கால் பக்கம் தொங்கும் துண்டு, கழுத்துச் சுருக்கம் எல்லாம் சேர்த்துக் கடைசி ஓரம் வரைக்கும். ஓரத்தை விட்டு அளப்பவனிடம் இந்த ஊரில் யாரும் வியாபாரம் செய்ய மாட்டார்கள். ஆனால் ரிம்மை அப்படி அளப்பதில்லை. டயர் நழுவாமல் இருக்க ரிம்மின் இரண்டு ஓரமும் வெளியே மடங்கியிருக்கும். அந்த மடிப்புகளை விட்டுவிட்டு, டயர் உட்காரும் இடத்தைத்தான் அளக்க வேண்டும். கார் கம்பெனிக்காரர்கள் ரிம்மில் எண் பதிப்பதும் அந்த உள் அளவைத்தான். அதை அளக்க வேண்டுமானால் டயரைக் கழற்ற வேண்டும். இதை நான் அங்கேயே மக்பூல் பாயிடம் சொன்னேன். அவர் ஸ்கேலையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்து, “அம்மா, முப்பது வருஷமா நான் ஓரம் விட்டு அளந்தது இல்ல” என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் திரு. அரங்கநாதனிடம், அப்படியானால் எல்லா வண்டிகளையும் இதே போல அளந்துவிடுங்கள், அருணகிரியின் வண்டியிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். ஜெயித்த வண்டியை மட்டும்தான் அளப்பது வழக்கம் என்றார். என் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, அதையாவது அளந்து பாருங்கள், அதுவும் நாலரையைத் தாண்டும் என்றேன். அதற்கு அவர், “அதயும் பட்டறையில வச்சி இன்னா பண்ணீங்களோ, யாருக்குத் தெரியும்?” என்றார். அப்போதுதான் நான் அவரிடம், “நீங்க ஏழாம் நம்பர் ஷூ செய்யிறீங்களே, சோலோட வெளி ஓரத்தயா அளக்கறீங்க? கால் நுழையற இடத்தத்தானே?” என்று கேட்டேன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவருடைய கம்பெனிக்கு அட்டை, நூல், பசை சப்ளை செய்கிறவர்கள். அவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் யார் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே பேசித் தீர்ந்திருக்கும் என்று என் கணவர் பிறகு சொன்னார். இருக்கலாம். ஆனால் அது சரியான கேள்வி.

அன்று மாலையே கோப்பையை அருணகிரியிடம் கொடுத்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை, பஸ் நிலையத்துக்கு எதிரே பெட்ரோல் பங்கில் இருக்கும் சங்கத்தின் பலகையில் முடிவுகளை ஒட்டினார்கள். வழக்கமாகத் தகுதி நீக்கம் என்று மட்டும் எழுதுவார்கள். என் பெயருக்கு நேரே மோசடி என்று எழுதியிருந்தார்கள். வேலூர் பஸ்ஸுக்கு நிற்கும் என் மாணவிகள் அந்தப் பலகைக்குக் கீழேதான் நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோதெல்லாம் பின்னால் பேச்சு எழுந்து, நான் திரும்பியதும் அடங்கியது. இருபது வருஷமாகக் கணக்கில் ஒரு படி தவறினாலும் மதிப்பெண் குறைக்கிறவள் நான். அந்தப் பெண்கள் முன்னால் அளவில் ஏமாற்றியவளாக நின்று இனி பாடம் நடத்த முடியாது என்று அன்று எனக்குத் தெளிவாயிற்று.

அன்று மாலை திரு. அரங்கநாதனின் வீட்டுக்குப் போய், டயரைக் கழற்றி அளக்கும்படி மறுபடியும் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, காபி கொடுக்கச் சொன்னார். பிறகு, “ஆம்பளைங்க வெளையாட்டுல பூந்துட்டு அப்புறம் கண்ணக் கசக்கினா எப்படிம்மா? அடுத்த வருஷம் லேடீஸுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிடறேன், அதுல ஜெயிச்சுக்க” என்றார். நான் கண்ணைக் கசக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் என் கணவர், “இன்னா கமலா, ஒரு சக்கரத்துக்கா இவ்ளோ?” என்றார். நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். என் வண்டியின் ரிம்மை எத்தனை பேர் முன்னால் அளந்து காட்டினாலும் அது பட்டறையில் கை வைத்த ரிம் என்பார்கள். கை வைக்காத ரிம் ஒன்று வேண்டும். அது அவர்கள் பக்கத்து ரிம்மாக இருக்க வேண்டும். தன் வண்டியில் கம்பெனி சக்கரங்களே இருப்பதாக அருணகிரி எழுதிக் கொடுத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். அதை ஓரம் சேர்த்து அளந்தால் அவனும் தகுதி நீக்கம், ஓரம் விட்டு அளந்தால் நான் முதலிடம். மூன்றாவதாக ஒரு வழி அவர்களுக்கு இல்லை. இதையெல்லாம் நிதானமாக யோசித்த பிறகுதான் தூங்கினேன்.

இன்று காலை கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, பந்தயத்தில் ஓட்டிய அதே சக்கரங்களோடு என் காரை எடுத்துக்கொண்டு திரு. அரங்கநாதனின் ஷூ கம்பெனிக்குப் போனேன். அது டீ நேரம். வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். கேட் திறந்திருந்தது. காவலாளி வீரபாகு எனக்கு வணக்கம் சொன்னார். அருணகிரியின் கார் ஷெட்டில் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் என் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, இடது பின் சக்கரத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கினேன். அதன் பிறகு வீரபாகு ஓடி வந்து, “அம்மா, இன்னா பண்றீங்க?” என்றார். அளப்பதற்கு ஒரு சக்கரம் எடுத்துப் போகிறேன், உள்ளே போய் முதலாளியிடம் சொல்லுங்கள் என்றேன். “நெஜமாவே சொல்லட்டுங்களா?” என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். மரத்தடியில் நின்ற பெண்களில் ஒருத்தி, “பாத்துக்கங்கடி, ஸ்டெப்னி மாத்தறது இப்டித்தான்” என்றது எனக்குக் கேட்டது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே சொல்ல மாட்டேன்.

சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் என் ஸ்டெப்னியை மாட்டினேன். இரண்டும் ஒரே மாதிரி கார்கள், ஒரே மாதிரி சக்கரங்கள். அருணகிரி இன்றைக்கே அந்தக் காரில் காட்பாடி வரை போய் வரலாம், ஒன்றும் ஆகாது. ஒரு சக்கரத்தை எடுத்து அந்த இடத்தில் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டு வருவதைத் திருட்டு என்று சட்டம் சொல்கிறதா என்று உதவி ஆய்வாளரிடம் கேட்டேன். கேட்காமல் எடுத்ததுதான் விஷயம் என்றார். மூன்று முறை கேட்டேன், மைதானத்தில் இரண்டு முறையும் வீட்டில் ஒரு முறையும் என்று சொன்னேன். அதை எழுதிக்கொள்ளும்படி ஏட்டிடம் சொன்னார்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. டயர் கடைக்கும் போகவில்லை. அங்கே போயிருந்தால் அந்தச் சக்கரத்திலும் கை வைத்துவிட்டேன் என்பார்கள். நேராக இந்த நிலையத்துக்கு வந்து, சக்கரத்தை டிக்கியிலிருந்து இறக்கி, உருட்டிக்கொண்டு படி ஏற்றி உள்ளே கொண்டுவந்து வைத்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. புகார் கொடுக்க திரு. அரங்கநாதனும் அருணகிரியும் வந்து சேர்ந்தபோது நான் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

புகாரை வாங்கிக்கொண்ட உதவி ஆய்வாளர், இது என்ன அளவுத் தகராறு என்று எங்கள் இரண்டு தரப்பையும் விசாரித்தார். அதன் பிறகு மக்பூல் பாயை வரவழைத்தார். எதிரே இருக்கும் பஞ்சர் கடைக்காரரைக் கொண்டு அருணகிரியின் சக்கரத்திலிருந்தும் என் காரின் ஒரு சக்கரத்திலிருந்தும் எல்லார் முன்னிலையிலும் டயரைக் கழற்றச் செய்தார். மக்பூல் பாய் தன்னுடைய அதே ஸ்கேலால் அளந்தார். அருணகிரியின் ரிம்மில் கம்பெனி பதித்த எண் நாலு. அதை ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் ஐந்து வந்தது. மடிப்பை விட்டு உள்ளே அளந்தால் நாலு. என்னுடையது ஓரம் சேர்த்து ஐந்தரை, உள்ளே நாலரை. மக்பூல் பாய் பதித்திருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு திரு. அரங்கநாதனைப் பார்த்து, “நான் அளந்தது தோலுங்க. இது வேற. அம்மா சொன்னதுதான் கரெக்டு. என் அளவ வச்சி போர்டுல எழுதினத நானே வந்து அடிக்கிறேன்” என்றார். எழுந்து என்னிடமும் ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம் பாய் என்றேன்.

திரு. அரங்கநாதன் என்னைத் தனியாக அழைத்தார். தனியாக வேண்டாம், இங்கேயே சொல்லுங்கள் என்றேன். “சரிம்மா, அளவு தப்பாவே இருக்கட்டும். சக்கரத்தக் குடுத்துட்டு, தெரியாம செஞ்சுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. கம்ப்ளெயிண்ட வாபஸ் வாங்கிக்கிறேன். போர்டுல இருக்கற பேப்பரயும் கிழிச்சிடறேன்” என்றார்.

“முதல் எடம்?” என்று கேட்டேன்.

“அதான் கோப்பையக் குடுத்தாச்சே. இனிமே மாத்தினா எல்லாருக்கும் பேஜார்.”

“எல்லாருக்கும் இல்ல. உங்களுக்கு” என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. என் கணவரின் ஆலைக்கு ஜாஸ்தி ஆர்டர் கொடுக்கிறவர் தாம்தான் என்பதை ஞாபகப்படுத்தினார். கல்லூரிக்கும் இந்தத் திருட்டு வழக்கு தெரியவரும் என்றார். இரண்டும் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பலகையில் இருக்கும் தாளைக் கிழித்தால் நான் ஏமாற்றினேனா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமல் போகும். கிழிக்க வேண்டாம். அதே பலகையில், அதே இடத்தில், அளந்தது தவறு, முதலிடம் கமலவேணி என்று இன்னொரு தாள் ஒட்டட்டும். அதற்குக் குறைவாக எதற்கும் நான் ராஜிக்கு வர மாட்டேன் என்றேன். அவர் வெளியே போய் போலீஸ் ஜீப்பருகில் நின்றுகொண்டார்.

அதன் பிறகு அருணகிரி என் பெஞ்சுப் பக்கம் வந்து, “டீச்சர், என் சக்கரம் எப்போ கெடைக்கும்?” என்று கேட்டான். அளவை கோர்ட்டில் பதிவு செய்த பிறகு என்றேன். “மெதுவாவே குடுங்க. உங்க ஸ்டெப்னி டயர் என்னுத விடப் புதுசு” என்றான். அவன் ரிம்மைக் குனிந்து பார்த்துக்கொண்டே, “நான் ரெண்டாவதுதான் வந்தேன். என் கண்ணாடியில பாத்தா பின்னாடி நீங்க இல்ல, முன்னாடிதான் இருந்தீங்க” என்றான். அதைச் சித்தப்பாவிடம் சொல்வாயா என்று கேட்டேன். வாசலில் நின்ற ஜீப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் அவருடைய கம்பெனியில் மேனேஜர். அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னதை இங்கே எழுதச் சொல்கிறேன்.

நான் சொல்வது இதுதான். இடது பின் சக்கரம் அருணகிரியுடையது. அதை எடுத்தது நான். என் மேல் வழக்குப் பதிவு செய்து நீதிமன்றத்துக்கு அனுப்பினால் போகிறேன். டயர் கழற்றிய நிலையிலேயே இரண்டு ரிம்களும் அங்கே வரட்டும். நீதிபதி முன்னிலையில் யார் வேண்டுமானாலும், எந்த ஸ்கேலால் வேண்டுமானாலும் அளக்கட்டும். என் ரிம் நாலரைக்கு ஒரு நூல் மிஞ்சினால்கூட மோசடிக்கும் திருட்டுக்கும் சேர்த்துத் தண்டனை கொடுக்கட்டும், ஏற்றுக்கொள்கிறேன். மிஞ்சாவிட்டால் திருட்டுக்கு மட்டும் கொடுக்கட்டும். அதன் பிறகும் நான் முதலிடம்தான். அடுத்த வருஷமும் இதே ரிம்களோடு, இதே வகுப்பில் பெயர் கொடுப்பேன். லேடீஸுக்கென்று தனியாக எதுவும் வேண்டாம்.

ஏட்டு எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு நானே வாங்கிப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், ‘ஆத்திரத்தில் அறியாமல் செய்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன்’ என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்று கேட்டேன். எல்லா வாக்குமூலத்திலும் கடைசியில் எழுதுகிற வரிதான், உங்களுக்கு நல்லது என்றார். நல்லெண்ணத்தில் எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது. ஆனால் நான் ஆத்திரத்தில் செய்யவில்லை. அருணகிரியின் காரில் நான் மாட்டிவிட்டு வந்த சக்கரத்தின் போல்ட்டுகளைச் சோதித்துப் பார்க்கலாம். எதிர் எதிராக, மாற்றி மாற்றி, முறைப்படி முடுக்கியிருக்கிறேன். ஆத்திரத்தில் இருப்பவள் அப்படி முடுக்க மாட்டாள்.

ஆகவே அந்த ஒரு வரியை உதவி ஆய்வாளரின் அனுமதியோடு என் கையால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அடிக்காமல் விட்ட மற்ற வரிகள் அனைத்தும் நான் அறிந்து, நினைத்து, சொன்னவை. அவை உண்மை.

(ஒப்பம்)
கமலவேணி

முன்னிலை:
(ஒப்பம்) வேலாயுதம், உதவி ஆய்வாளர்
சாட்சி: (ஒப்பம்) மக்பூல் அகமது